தாயக்கட்டையிலிருந்து திரைக்கு: மேசை ரோல்பிளேயிங் கேமை வீடியோ கேமாக்குவது எப்படி

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஞாயிறுதோறும் மேசை ரோல்பிளேயிங் கேம் ஆட ஐந்து பேர் கூடுகிறோம். ஆளுக்கொரு வேடம் எடுத்து, பேசிப் பேசியே கதையை நகர்த்தி, சந்தேகம் வந்தால் பகடை உருட்டிப் பார்க்கும் ஆட்டம் அது. எங்கள் ஊர் வெயிலில் தரை சூடு ஆறவே ஆறரை ஆகிவிடும். அதற்கப்புறம் பாயை விரித்து உட்கார்ந்தால் பத்து மணி வரை ஆட்டம் ஓடும். கதை நடக்கும் இடம் வேலூர்க் கோட்டை, காலம் 1806 ஜூலை 10 அதிகாலை, ஆங்கிலேயருக்கு எதிராகச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த நேரம். ஆளுக்கு ஒரு சிப்பாய் வேடம். நான் கதை நடத்துபவன், அதாவது கேம் மாஸ்டர், சுருக்கமாக ஜி.எம். பகடைக்குப் பதிலாகப் பாட்டி வீட்டிலிருந்து வந்த பித்தளைத் தாயக்கட்டை.

ஒரு ஞாயிறு, காட்பாடியிலிருந்து வரும் தம்பியின் சிப்பாய் கோட்டைச் சுவர் மேல் நின்றிருந்தான். ஆற்காட்டுக்குச் செய்தி கொண்டு போகிறவனைத் தடுக்க வேண்டும். அதற்கு அகழியைத் தாண்டியாக வேண்டும்.

"அண்ணா, அகழியில முதலை இருக்கும்னு சொல்வாங்களே, இருக்கா?"

"இருக்கு."

"வெள்ளைக்காரன் சமையல்கட்டுல ஆட்டுத்தொடை தொங்கும்ல? அதை அந்த மூலையில வீசினா முதலை அங்கே போயிடும். நான் இந்தப் பக்கம் நீந்திடறேன்."

விதிப்புத்தகத்தில் இதற்கு ஒரு வரிகூடக் கிடையாது. நான் ஒரு நொடி யோசித்துவிட்டு, "சரி, உருட்டு" என்றேன். அந்த ஆட்டத்தை இன்றுவரை பேசிக்கொண்டிருக்கிறோம்.

பிறகு இதையே வீடியோ கேமாக்க உட்கார்ந்தபோது, முதல் நாளே அந்த ஆட்டுத்தொடையில்தான் இடித்துக்கொண்டோம். பகடை, புள்ளி, ஆயுதப் பட்டியல் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் நிரலாக எழுதிவிடலாம். "சரி, உருட்டு" என்று சொன்ன ஆள் மட்டும் திரைக்குள் இல்லை. அந்த ஆள் செய்த வேலையை எங்கே, எப்படி வைப்பது என்பதுதான் இந்த மாற்றத்தில் உண்மையான வேலை. கீழே வரும் படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

படி 1: ஆட்டத்தைப் பதிவு செய்து, தீர்ப்புகளைப் பிரியுங்கள்

விதிப்புத்தகத்தை இப்போதைக்கு மூடி வையுங்கள். போனில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டு நான்கு ஆட்டம் ஆடுங்கள். அப்புறம் ஒரு நாற்பது பக்க நோட்டில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எழுதுங்கள்: புத்தகத்தில் இல்லாத முடிவை ஜி.எம் எங்கெல்லாம் எடுத்தார்?

எங்கள் நோட்டில் அவை மூன்று வகையாகப் பிரிந்தன.

முதல் வகை, திரும்பத் திரும்ப வருபவை. இருட்டில் நடந்தால் சத்தம் கேட்குமா, காயம்பட்டவனைத் தூக்கிக்கொண்டு ஓட முடியுமா போன்றவை. மூன்று தடவைக்கு மேல் ஒரே மாதிரி முடிவு எடுத்திருந்தால், அது எழுதப்படாத விதி. நேராக நிரலுக்குள் போகலாம்.

இரண்டாவது வகை, ஓர் இடத்தையோ ஒரு மனிதரையோ ஒட்டியவை. அந்தச் சுபேதார் பயந்தவரா, கோபக்காரரா? திப்புவின் குடும்பம் இருக்கும் மகாலுக்குள் ஒரு சாதாரணச் சிப்பாயை விடுவார்களா? இவற்றை உட்கார்ந்து எழுதித்தான் ஆக வேண்டும். குறுக்கு வழி இல்லை.

மூன்றாவது வகைதான் ஆட்டுத்தொடை. ஆடுகிறவரின் தலையில் அந்த நொடியில் உதித்தது. அதை அப்படியே பொத்தானாக வைத்தால் செத்துப்போகும். "இறைச்சியை வீசு" என்று திரையில் எழுதியிருந்தால், யோசித்தது நாம்தானே ஒழிய ஆடுகிறவர் இல்லை. இதற்கு வேறு வழி இருக்கிறது. 5ஆம் படியில் சொல்கிறேன்.

முன்னால் போனவர்கள் இதே சிக்கலை எப்படிச் சமாளித்தார்கள் என்று பார்ப்பது நல்லது. இந்த வகை மேசை விளையாட்டுகளுக்கு முன்னோடியான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் வந்தது. அதன் விதிகளோடு 1988இல் வந்த பூல் ஆஃப் ரேடியன்ஸ் என்ற வீடியோ கேம், சண்டைக் கணக்கைக் கிட்டத்தட்ட மேசையில் இருப்பது போலவே திரைக்குக் கொண்டுவந்தது. 1998இன் பால்டர்ஸ் கேட் நேரத்தையே மாற்றியது. மேசையில் ஒரு நிமிடமாக இருந்த ஒரு சுற்று அங்கே ஆறு நொடி ஆனது, சண்டை தானாக ஓடும், வேண்டும்போது நிறுத்தி ஆணை கொடுக்கலாம். 2002இல் வந்த நெவர்வின்டர் நைட்ஸ் இன்னொரு வழி பிடித்தது. ஒரு மனித ஜி.எம் ஆட்டத்துக்குள்ளேயே நுழைந்து நடத்த ஒரு தனிச் செயலியைக் கொடுத்தார்கள். 2019இன் டிஸ்கோ எலிசியம் ஜி.எம்மின் குரலை உடைத்து, நாயகனின் 24 திறமைகளின் வாயில் வைத்துவிட்டது. தர்க்கம் ஒன்று சொல்லும், பரிவு வேறொன்று சொல்லும். இந்த நான்கில் எனக்கு மிகவும் பிடித்தது கடைசி வழி. ஒரு நல்ல ஜி.எம் காதருகே வந்து பேசுவது போலவே இருக்கும்.

படி 2: விதிகள் யாருடையவை?

இதைத் தள்ளிப்போடாதீர்கள். பொதுவாக, ஆடும் முறைக்குப் பதிப்புரிமை கிடையாது. அதை விளக்கி எழுதிய வார்த்தைகளுக்கும், படங்களுக்கும், உலகத்துக்கும், கதாபாத்திரங்களுக்கும் உண்டு. பெயருக்கு வணிகக்குறி உரிமை இருக்கலாம்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளை, எஸ்.ஆர்.டி 5.1 என்ற தொகுப்பாக, 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டார்கள். யாரிடமிருந்து எடுத்தோம் என்பதை அவர்கள் கேட்டபடி குறிப்பிட்டால், விற்பதற்கான கேமிலும் அதைப் பயன்படுத்தலாம். அதில் இல்லாத உலகங்களையும் புகழ்பெற்ற பாத்திரங்களையும் தொட வேண்டாம்.

உரிமம் கைநழுவினால் என்ன ஆகும் என்பதற்கு 1997இன் ஃபால்அவுட் நல்ல பாடம். ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸின் கர்ப்ஸ் என்ற மேசை விளையாட்டின் விதிகளை வைத்துத்தான் அதை ஆரம்பித்தார்கள். நடுவில் அந்த உடன்பாடு முறிந்தது. ஏழு குணங்கள் கொண்ட ஸ்பெஷல் என்ற சொந்த முறையை உருவாக்கிக்கொண்டு முடித்தார்கள். கடைசியில் அந்த முறையே அந்த கேமின் அடையாளமாகிவிட்டது.

தாயம் யாருக்கும் சொந்தமில்லை. எங்களுக்கு அந்தக் கவலை இருக்கவில்லை.

படி 3: ஒரே ஓர் இரவை எடுங்கள்

இரண்டு வருடம் ஆடிய கதையை முழுதாக மாற்ற நினைக்காதீர்கள். கணக்குப் போட்டால் ஏன் என்று புரியும். ஒவ்வோர் இடத்திலும் மூன்று தேர்வு, ஐந்து இடம், எங்கேயும் கிளைகள் சேரவில்லை என்றால் 243 முடிவுகள். மேசையில் ஆடுகிறவர்கள் போகும் ஒரு வழியை மட்டும் ஜி.எம் கற்பனை செய்தால் போதும். திரையில் எல்லா வழியையும் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும்.

நாங்கள் எடுத்தது அதிகாலை இரண்டு மணியிலிருந்து விடிந்து சில மணி நேரம் வரை. இடங்கள் நான்கு: படைவீடு, சுவர் மேல்பகுதி, அகழி, மகால் வாசல். பேசக்கூடிய ஆட்கள் மூன்று பேர். ஒரு தடவை ஆட நாற்பது நிமிடம்.

வரலாறு இருந்தால் அதைச் சரியாகப் படியுங்கள். 1805 நவம்பரில் வந்த புதிய உடை விதி நெற்றிக்குறியையும் தாடியையும் தடுத்தது. புதுத் தலைப்பாகையில் தோல் குஞ்சம் இருந்தது. அந்தக் கோபம்தான் அடுத்த ஜூலையில் வெடித்தது. முந்தைய நாள் திப்புவின் மகள் ஒருவருக்குத் திருமணம், அதனால் கோட்டைக்குள் ஆட்கள் கூடியிருந்தார்கள். கோட்டைக்கு வெளியே இருந்த ஆங்கிலேய அதிகாரி ஒருவர் மூலம் ஆற்காட்டுக்குச் செய்தி போக, அங்கிருந்த பிரிட்டிஷ் படைத்தலைவர் கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து அன்றைக்கே கோட்டையைத் திரும்பப் பிடித்தார்.

சின்ன விஷயங்களில்தான் சறுக்குவோம். எங்கள் ஓவியம் வரையும் அக்கா, ஜலகண்டேஸ்வரர் கோயிலில் தீபாராதனை நடக்கும் பின்னணி ஒன்றை அழகாக வரைந்துவிட்டார். "சாமி இல்லாத கோயில்" என்று ஊரில் சொல்வது அந்தக் கோயிலைத்தான். லிங்கம் அங்கே திரும்ப வைக்கப்பட்டது 1981இல். 1806இல் அங்கே பூஜை இல்லை. அக்கா அந்தப் படத்தை இருட்டு மண்டபமாகத் திருத்தினார். படம் முன்பைவிட நன்றாக அமைந்தது.

இன்னொரு முடிவையும் இந்தப் படியிலேயே எடுத்துவிடுங்கள்: ஆடுகிறவர் வரலாற்றை மாற்றலாமா? மேசையில் நான் வளைந்து கொடுத்திருக்கிறேன். திரையில், கில்லெஸ்பி வந்தே தீருவார் என்று வைத்தோம். அவர் வருவதற்குள் யார் தப்பிக்கிறார்கள், யாரோடு நீங்கள் நிற்கிறீர்கள் என்பது உங்கள் கையில். அன்றைக்கு நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் செத்தார்கள். நாற்பது நிமிடத்தில் அதை இல்லாமல் செய்துவிட எங்களுக்கு மனம் வரவில்லை.

படி 4: பகடைக் கணக்கைத் திறந்து பாருங்கள்

மேசையில் ஆடும்போது யாரும் வாய்ப்புக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. திரைக்குப் போவதற்கு முன்னால் கட்டாயம் போட வேண்டும். எங்கள் தாயக்கட்டையை வைத்தே காட்டுகிறேன். உங்களிடம் இருபது முகப் பகடை இருந்தாலும் முறை இதேதான்.

இரண்டு கட்டை. ஒவ்வொன்றிலும் நான்கு முகம்: வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று. ஆக 16 சேர்க்கைகள். இரண்டும் வெறுமையாக விழுந்தால் 12. மற்றபடி கூட்டல். 12 விழ ஒரு வழி, தாயம் எனும் 1 விழ இரண்டு வழி, 2க்கு மூன்று, 3க்கு நான்கு, 4க்கு மூன்று, 5க்கு இரண்டு, 6க்கு ஒன்று.

எங்கள் விதிப்படி, விழுந்ததோடு திறமைப் புள்ளியைக் கூட்டி 4 அல்லது அதற்கு மேல் வந்தால் வெற்றி. திறமை இல்லாதவனுக்கு 16இல் 7, அதாவது 43.75%. ஒரு புள்ளி இருந்தால் 16இல் 11, 68.75%. இரண்டு புள்ளி இருந்தால் 16இல் 14, 87.5%. முதல் புள்ளிக்கே வாய்ப்பு 43.75%இலிருந்து 68.75%க்கு ஏறுகிறது! இரண்டு வருடம் ஆடியும் எங்களுக்கு இது தெரியவில்லை. இந்தக் கட்டையில் புள்ளிகளை அள்ளிக் கொடுக்க முடியாது.

தாயத்துக்கு எங்கள் மேசையில் தனி விதி. தாயம் விழுந்தால் திறமையைக் கூட்டுவதில்லை. வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை, கதை திரும்பும். யாரோ கதவைத் திறப்பார்கள், விளக்கு அணையும், எதிர்பாராத ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். கணக்குப் போட்ட பிறகு இன்னொன்று புரிந்தது. இரண்டு புள்ளி வைத்திருப்பவனுக்கு 2 முதல் எல்லாமே வெற்றி, 1 என்றால் தாயம். அவனுக்கு வெறும் தோல்வி என்பதே கிடையாது. அவன் வாழ்க்கையில் எட்டில் ஒரு பங்கு விதியின் கையில். இதை நாங்கள் திட்டமிடவில்லை, கட்டையே கொடுத்தது. உங்கள் விதிகளுக்குள்ளும் இப்படி ஏதாவது ஒளிந்திருக்கும். தேடுங்கள்.

அடுத்தது வேகம். மேசையில் ஒரு சாயங்காலத்தில் இருபது தடவை உருட்டுவோம். அதில் ஒரு 12 விழுந்தால் கூச்சல் கீழ்வீடு வரை கேட்கும். எங்கள் முதல் திரை வடிவத்தில் கதவைத் தொட்டால் உருட்டு, படி ஏறினால் உருட்டு என்று வைத்திருந்தோம். ஒரு மணி நேரத்தில் நூறு உருட்டல். 12 ஆறு தடவை வந்துபோகும், யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். வெற்றிக்கும் தோல்விக்கும் தனித்தனியாகச் சுவையான விளைவு எழுத முடிகிற இடத்தில் மட்டும் உருட்டுங்கள். மற்ற கதவுகள் சும்மா திறக்கட்டும்.

நம்பிக்கைச் சிக்கலும் ஒன்று உண்டு. 68.75% வெற்றி என்றால், தொடர்ந்து மூன்று தடவை வெற்றி கிடைக்காமல் போக ஏறத்தாழ 3% வாய்ப்பு. நூறு உருட்டலில் அது பெரும்பாலும் நடந்துவிடும். மேசையில் ஒருவர் வரிசையாகத் தோற்றால் ஜி.எம் முகத்தைப் பார்த்து அடுத்த சோதனையைக் கொஞ்சம் தளர்த்துவார். திரையில் "இந்த கேம் ஏமாத்துது" என்பார்கள். 2023இன் பால்டர்ஸ் கேட் 3இல் தொடர் தோல்வியைத் தடுக்கும் கார்மிக் டைஸ் என்ற வசதி இருக்கிறது, வேண்டாமென்றால் அணைக்கலாம். ஃபயர் எம்ப்ளம் வரிசையின் பல கேம்களில் இரண்டு எண்களை எடுத்துச் சராசரி பார்ப்பார்கள். திரையில் 70% என்று காட்டும் அடி உண்மையில் 82.3% படும். மனித மனம் எதிர்பார்க்கும் 70 அதுதான்.

நாங்கள் கட்டையில் கை வைக்கவில்லை. ஊரில் தாயம் ஆடாத வீடு இல்லை, கள்ளத்தாயம் என்றால் உடனே தெரிந்துவிடும். விளைவைத்தான் தளர்த்தினோம். மூன்றாவது தோல்வியில் உடன் இருக்கும் சிப்பாய் கைகொடுப்பான், ஆனால் அதற்கு அவன் காயப்படுவான்.

சத்தத்தையும் மறக்காதீர்கள். இரண்டு உள்ளங்கைக்கு நடுவே கட்டையை உருட்டும்போது வரும் கிணுகிணுப்பு, தரையில் விழுந்து புரளும் ஓசை, கடைசியில் ஒரு சின்ன டிக். மொட்டை மாடித் தரையிலேயே பதிவு செய்தோம். அந்த ஒலியைச் சேர்த்த பிறகுதான் திரையில் உருட்டுவது உருட்டுவதாக இருந்தது.

படி 5: ஜி.எம்மின் வேலையைப் பொருள்களிடம் கொடுங்கள்

இப்போது ஆட்டுத்தொடைக்கு வருவோம்.

ஒவ்வொரு பொருளுக்கும் குணச்சீட்டு ஒட்டுங்கள். நாங்கள் வைத்தவை ஆறு: இறைச்சி, தீ, வெளிச்சம், சத்தம், கயிறு, சீருடை. ஒவ்வோர் உயிருக்கும் எது இழுக்கும், எது விரட்டும் என்று எழுதுங்கள். முதலையை இறைச்சி இழுக்கும். காவலனைச் சத்தம் இழுக்கும். குதிரையைத் தீ விரட்டும். வெள்ளைக்காரச் சீருடை போட்டவனை அந்தப் படையினர் முதலில் சுட மாட்டார்கள், நம் ஆட்கள் சுடுவார்கள். அப்புறம் எந்தப் பொருளையும் எடுக்கலாம், எங்கும் போடலாம் என்று விட்டுவிடுங்கள்.

இதை வைத்த அன்றே, நாங்கள் எழுதாத ஒன்று நடந்தது. தம்பி லாந்தரை லாயத்துக்குப் பக்கத்தில் வைத்தான். குதிரை மிரண்டது, அந்தச் சத்தத்துக்குக் காவலன் போனான், வாசல் காலியானது. "அண்ணா, இது நீங்க வெச்சதா?" என்று கேட்டான். இல்லை. மேசையில் இருந்த அந்தச் சுகம் திரையில் முதன்முதலாக வந்தது அப்போதுதான். ஆறு சீட்டு போதும். இருபது வைத்தால் சோதிக்கவே முடியாது.

இரண்டாவது கருவி, கடிகாரம். 2017இல் வந்த பிளேட்ஸ் இன் த டார்க் என்ற மேசை விளையாட்டால் பரவலானது. ஒரு வட்டத்தைத் துண்டுகளாகப் பிரித்து, ஆபத்து நெருங்க நெருங்க ஒவ்வொன்றாக நிரப்புவார்கள். 2022இன் சிட்டிசன் ஸ்லீப்பர் வீடியோ கேம் இதை அழகாகக் கையாள்கிறது. எங்கள் கேமில் அது வட்டமாக இல்லை. ஆற்காட்டிலிருந்து வேலூர் ஏறத்தாழ 25 கிலோமீட்டர். திரையின் மேல்பக்கம் ஒரு சாலை, எட்டு மைல்கல். ஒவ்வொரு தோல்விக்கும், வீணாகும் நேரத்துக்கும் புழுதி ஒரு கல் தாண்டி வரும். மேசையில் நான் "கிழக்கே ஏதோ புழுதி தெரியுது" என்று சொல்லிப் பயமுறுத்துவேன். அதே வேலையை அந்த எட்டுக் கல் செய்கிறது.

படி 6: தோற்றாலும் கதை நகர வேண்டும்

சுருக்கமாகச் சொல்கிறேன். தோல்வி என்றால் "மறுபடி முயற்சி செய்" என்ற திரை வரக்கூடாது. பூட்டு திறக்கவில்லை என்றால் பூட்டு உடைந்து சத்தம் கேட்டது என்று எழுதுங்கள். டிஸ்கோ எலிசியத்தில் உருட்டல்கள் வெள்ளைச் சோதனை, சிவப்புச் சோதனை என இரண்டு வகை: வெள்ளையைத் திறமை வளர்ந்த பிறகு திரும்ப முயலலாம், சிவப்பை ஒரே தடவைதான். இந்தப் பிரிவினை மிக நல்லது. முன்பு சேமித்த ஆட்டத்தைத் திறந்து திறந்து உருட்டுவதைத் தடுக்க, அடுத்து விழப்போகும் எண்களையும் சேமிப்போடு சேர்த்துப் பூட்டிவிடுங்கள்.

படி 7: தமிழில் எழுதுங்கள், தமிழுக்கு ஏற்றபடி நிரலும் எழுதுங்கள்

இதை யாரும் விவரமாகச் சொல்லித்தரவில்லை. நாங்கள் பட்ட கஷ்டத்தையே எழுதுகிறேன்.

பெரும்பாலான கேம்களில் வாக்கியத்தில் ஓர் ஓட்டை விட்டு, அதில் பொருளின் பெயரைச் செருகுவார்கள். தமிழில் அது நடக்காது. வாள், வாளை. ஈட்டி, ஈட்டியை. கயிறு, கயிற்றை. மரம், மரத்தை. பெயரோடு "ஐ" ஒட்டினால் "கயிறுஐ" என்று திரையில் வந்து நிற்கும். போதாததற்கு "வாளை எடுத்தான்" என்போம், "வாளைக் கொடுத்தான்" என்போம். அடுத்த சொல் எப்படி ஆரம்பிக்கிறது என்று பார்த்துத்தான் "க்" வரும்.

ஒவ்வொரு பொருளுக்கும் எல்லா வேற்றுமை வடிவத்தையும் கையால் எழுதிய ஓர் அட்டவணை வைத்துக்கொள்ளுங்கள். ஆறு குணம், முப்பது பொருள் என்றால் ஒரு சாயங்கால வேலை. முக்கியமான வாக்கியங்களை முழுதாகவே எழுதிவிடுங்கள்.

எழுத்து காட்டும் விதம் அடுத்தது. நாங்கள் முதலில் எடுத்த இன்ஜினில், அதாவது கேம் கட்டும் மென்பொருளில், "கொ" என்று அடித்தால் கொம்பும் காலும் எழுத்தைச் சுற்றி நிற்காமல் சிதறின. கோடோ 4 என்ற இன்ஜினில் இந்தச் சிக்கல் இல்லை, எழுத்துகளைச் சரியாகக் கோக்கிறது. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற இலவச எழுத்துருவைத் திட்டத்துக்குள்ளேயே வைத்துவிடுங்கள். ஆடுகிறவரின் கருவியில் எழுத்துரு இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

தட்டச்சு போல ஒவ்வோர் எழுத்தாக வரும் விளைவு பலருக்கும் பிடிக்கும். "கோட்டை" என்பது நமக்கு மூன்று எழுத்து. கணினிக்கு ஆறு குறியீடு. குறியீடு குறியீடாகக் காட்டினால் க, கோ, கோட, கோட், கோட்ட, கோட்டை என்று வரும். நடுவில் இல்லாத சொற்கள் மின்னி மறையும், கண் கூசும். எழுத்துக் கொத்தாக நகரும்படி எழுதுங்கள்.

அப்புறம், ஆடுகிறவரை எப்படி அழைப்பது? மாடியில் எல்லோரும் என்னைவிடச் சின்னவர்கள், அதனால் "நீ கீழே விழுந்துட்டே" என்பேன். திரையிலும் "நீ கீழே விழுந்தாய்" என்றே எழுதியிருந்தோம். ஆம்பூரிலிருந்து வந்த அத்தையிடம் கொடுத்துப் பார்த்தோம். "யாரைப் பார்த்து நீ நீன்னு சொல்லுது இது?" என்று போனைக் கீழே வைத்துவிட்டார். அவர் சொன்னது நியாயம். "நீங்கள்" என்று மாற்றினால் அபாயமான நேரத்தில் வேகம் குறைகிறது. கடைசியில் ஆளையே எடுத்துவிட்டோம். "கால் வழுக்கியது. கல் உருண்டது. கீழே தண்ணீர்." யாரையும் விளிக்காமலேயே தமிழ் இதைச் சொல்லும். அழைக்க வேண்டிய இடங்களில் கதாபாத்திரங்கள் அழைக்கட்டும். சுபேதார் "டேய்" என்பார், உடன் நிற்பவன் "அண்ணே" என்பான்.

படி 8: ஒருவர் எந்திரமாக நடிக்கட்டும்

நிரலைத் தொடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். எழுதியதை எல்லாம் அச்சடித்து ஒருவர் கையில் கொடுங்கள். அவர்தான் கணினி. தாளில் இருப்பதை மட்டுமே படிக்கலாம். சொந்தமாக ஒரு வார்த்தை சொல்லக்கூடாது, தலையசைக்கக்கூடாது. ஆடுகிறவர் தாளில் இல்லாததைக் கேட்டால் "முடியாது" என்று மட்டும் சொல்ல வேண்டும்.

ஜி.எம்மாகப் பழகியவருக்கு இது கொடுமை. நானே செய்தேன். எதிரில் இருப்பவர் நல்ல யோசனை சொல்லும்போது வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். எத்தனை "முடியாது" வந்தது என்று எண்ணுங்கள். எங்கே அது ஆடுகிறவரின் முகத்தை வாட வைத்தது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். எல்லா "முடியாது"வையும் சரி செய்ய வேண்டியதில்லை. முகம் வாடிய இடங்களை மட்டும் எடுங்கள்.

இது மூன்று சுற்று முடிந்த பிறகு, கிளைக்கதைகள் கட்ட உதவும் ட்வைன் என்ற கருவியில் கட்டுங்கள். இலவசம், பிரௌசரில் ஓடும், தமிழ் எழுத்துச் சிக்கலைப் பிரௌசரே பார்த்துக்கொள்ளும். கதை பெரிதாகி மாறிகள் (புள்ளி, காயம் போல மாறிக்கொண்டே இருக்கும் மதிப்புகள்) நிறைய வந்தால் இன்க் என்ற எழுத்துமொழி வசதி, அதுவும் இலவசம். பொருளை இழுத்துப் போடுவது, நடமாடும் காவலர்கள் என்று வரும்போது கோடோவுக்குப் போங்கள். முதல் நாளே கோடோவில் ஆரம்பித்தால் விளக்கு வெளிச்சத்தைச் சரி செய்வதிலேயே மாதங்கள் ஓடிவிடும்.

படி 9: பின்னால் உட்கார்ந்து, பேசாமல் பாருங்கள்

கேம் ஆடிப் பழக்கமுள்ள நண்பர்களிடம் மட்டும் கொடுத்தால் பாதிதான் தெரியும். வீடியோ கேமே ஆடாத, ஆனால் தாயம் தெரிந்த ஒருவரைப் பிடியுங்கள். விளக்கம் சொல்லாதீர்கள். அவர் விரல் எங்கே தயங்குகிறது என்று மட்டும் பாருங்கள்.

விளிப்பை மாற்றிய பிறகு அத்தையிடமே மறுபடி கொடுத்தோம். முதல் தாயம் விழுந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். படைவீட்டுச் சமையல்கட்டுக்குப் போனார். கொக்கியில் தொங்கிய ஆட்டுத்தொடையைத் தொட்டார், எடுத்தார். காட்பாடித் தம்பி என் தோளைப் பிடித்தான். அத்தை அதைச் சுவருக்குக் கொண்டு போகவில்லை. அடுப்புப் பக்கம், சுவர் ஓரம், கதவுக்குப் பின்னால் என்று சமையல்கட்டு முழுக்க விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"என்ன தேடறீங்க அத்தை?" என்றான் தம்பி. பேசக்கூடாது என்ற விதியை அவனே உடைத்துவிட்டான்.

"விடியறதுக்குள்ள இவ்வளவு பேருக்குச் சமைச்சாகணும். அடுப்பு எரியுது, கறி தொங்குது. சமையல்காரன் எங்கே போனான்?"

நாங்கள் அப்படி ஒருவனை எழுதவே இல்லை. நோட்டை எடுத்து, பேசக்கூடிய ஆட்கள் பட்டியலில் மூன்றை அடித்து நான்கு என்று மாற்றினேன்.